மூசி நதிக்கரையின் பசும்புல்

தாம் கழித்த நீர் எங்கே செல்கின்றதென்று நகரமாந்தர் கேட்பதில்லை. கால்வாயிற் கலந்து கண்ணுக்கு மறைந்ததும் அதன் கதை முடிந்ததென்றே எண்ணுகின்றனர். ஆயினும் சில ஊர்களிலே அந்நீர் வயலிற் பாய்ந்து, புல்லாய்த் தழைத்து, எருமையின் மடியிற் பாலாய்ச் சுரந்து, அவர்தம் வீட்டு வாயிலுக்கே மீண்டு வருகின்றது. இந்தியாவின் ஐதராபாத் நகரம் இதற்குத் தக்க சான்றாகும்.

அந்நகரின் நடுவே ஓடுவது மூசி நதி. 1908-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் அது பெருக்கெடுத்துப் பல்லாயிரம் உயிர்களைக் கொள்ளைகொண்டது. அதன்பின், பொறியியலறிஞர் விசுவேசுவரையாவின் ஆலோசனைப்படி, வெள்ளத்தைத் தடுக்கவும் குடிநீர் வழங்கவும் உஸ்மான் சாகர் 1920-இலும் இமாயத் சாகர் 1927-இலும் கட்டி முடிக்கப்பட்டன. அணைகளுக்குக் கீழே நதியின் சொந்த நீர் அருகிற்று. வளர்ந்துவரும் நகரின் கழிவுநீரே வறண்ட காலங்களில் நதியின் ஓட்டமாயிற்று.

அந்நீரைக் கொண்டு கரையோர உழவர் பயிரிட்டதே பாராப்புல். தண்ணீர்ப்புல் என்றும் இதனைக் கூறுவர். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்புல், நீர் தேங்கிய நிலத்திலும் செழிக்கும். ஓரளவு உவரையும் தாங்கும். ஒருமுறை நட்டால் மீண்டும் மீண்டும் தளிர்த்து அறுவடை தரும். கழிவுநீரின் உவரால் நெல் விளைச்சல் குன்றிய நிலங்களிலும் இது கைகொடுத்தது. நிலமுடையோர், புல்லறுப்போர், கட்டுச் சுமப்போர், கறவையெருமை வளர்ப்போர் எனப் பலர் இதனாற் பிழைத்தனர்.

இந்நீரின் வளத்தை மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு லீற்றர் கழிவுநீரில் 50 மில்லிகிராம் நைதரசன் உளதெனக் கொள்வோம். ஒரு ஹெக்டேயர் நிலத்துக்கு ஆண்டொன்றில் 5,000 கன மீற்றர் நீர் பாய்ச்சினால், 250 கிலோகிராம் நைதரசன் விலையின்றிக் கிடைத்துவிடும். ஏழை உழவன் இதனை எங்ஙனம் வேண்டாமென்பான்?

ஆனால் நன்மை வந்த வழியே தீமையும் வருகின்றது. வெறுங்காலுடன் சேற்றில் நிற்போரைக் கொக்கிப்புழு தோல் வழியே பற்றும். நாடாப்புழுவின் முட்டை படிந்த புல்லை மாடு மேய்ந்தால், அதன் தசையிற் புழுக்கூடுகள் தங்கும். தொழிற்சாலைக் கழிவு கலந்துவிட்டாலோ, ஈயம், கட்மியம், குரோமியம் போன்ற உலோகங்கள் மண்ணிற் படிந்து, புல்லில் ஏறிப் பாலிலும் கலக்கக்கூடும். பாலைக் காய்ச்சினாற் கிருமி மாளும், உலோகம் மாளாது.

அவ்வாறாயின் இப்பயிரைத் தடைசெய்துவிடலாமே என்பர் சிலர். தடையினால் உழவன் பிழைப்பை இழப்பான், கழிவுநீரோ ஓடிக்கொண்டேயிருக்கும். பரிகாரங்கள் வேறு உள. கழிவுநீரைக் குளங்களில் எட்டு முதற் பத்து நாள் தேக்கிவைத்தால் புழுமுட்டைகள் பெரும்பாலும் அடியிற் படியும். தீவனப்பயிருக்குப் பாய்ச்சும் நீரில் லீற்றருக்கு ஒரு குடற்புழு முட்டைக்கு மேல் இருத்தலாகாதென்று உலக சுகாதார ஸ்தாபனம் 1989-இல் வரையறுத்தது. புல்லை அறுத்து வெயிலில் உலர்த்திக் கொடுத்தல், தொழிலாளர் காலணியும் கையுறையும் அணிதல், காலந்தோறும் புழுமருந்து உட்கொள்ளல் ஆகியன எளிய காப்புக்கள். உலோகத்துக்கோ ஒரே வழிதான்: தொழிற்சாலை தன் கழிவைத் தன் வாயிலிலேயே தூய்மை செய்தல் வேண்டும்.

நமது பத்தரமுல்லையைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனமும் பங்குகொள்ள, 2002 நவம்பரில் அறிஞர்கள் ஐதராபாத்திலேயே கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டனர். கழிவுநீர் வேளாண்மை நடைபெறுவதைக் காணாததுபோல் இருத்தலாகாது; உழவர் பிழைப்பையும் மக்கள் நலத்தையும் ஒருங்கே காத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம்.

நீரை மாசுபடுத்துவது நகரம். பாலை அருந்துவதும் நகரம். இடையிலே சேற்றில் நின்று புல்லறுப்பவர் மட்டும் நோயைச் சுமப்பது எந்த நீதி? வீட்டுக் கால்வாயில் எண்ணெயையும் இரசாயனத்தையும் கொட்டுமுன், அந்நீர் யாருடைய காலை நனைக்கப்போகின்றதென்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் நமக்கும் கடனன்றோ?