எழுதுவதற்கு முன் கதைக்கட்டும்

"பிள்ளைக்கு வாய் நல்லாத்தான் இருக்கு, கொப்பியைத் திறந்தால் ஒரு வரியும் வராது" என்று எங்கள் ஊர்த் தாய்மார் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். ஆரையம்பதியில் என் வீட்டு வளவில் பின்னேரங்களில் அயல்வீட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்து படிப்பார்கள். நான் ஆசிரியை அல்ல. 1990 ஆனியில் யுத்தம் மீண்டும் தொடங்கி நாங்கள் இடம்பெயர்ந்தபோது ஆண்டு நான்கில் படித்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு விட்டுவிட்டுத்தான் படித்தேன். எம்மில் பலருக்கும் இதே கதைதான். "எங்களுக்கே எழுத வராது, பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுக்கிறது?" என்று இடியப்பம் அவித்து விற்ற காசில் ஒரு பங்கை டியூஷனுக்குக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரும் பிள்ளையின் எழுத்துக்கு உதவலாம் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பையன். தரம் மூன்று. தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறா. தகப்பன் இவர்களோடு இல்லை. அம்மம்மாதான் வளர்க்கிறா. "எனது குடும்பம்" என்று பாடசாலையில் ஐந்து வரி எழுதச் சொன்னார்கள். கடையில் வாங்கிய வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து, அப்பா, அம்மா, அண்ணா, தங்கை, நான் என ஐந்து பேர் கொண்ட அழகான குடும்பம் என்று எழுதிக்கொண்டு போனான். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. அவன் வீட்டில் இருப்பதோ இரண்டு பேர். அந்தக் கொப்பியைப் பார்த்தபோது எனக்கு மனம் பெரிய பாடாய்ப் போயிற்று. இப்படி ஒரு பிள்ளை பொய்யை அழகாக எழுதப் பழகினால் அது எழுத்துப் பயிற்சியாகுமா?

அம்மம்மாவிடம் போய், பின்னேரம் கால் மணித்தியாலம் அவனோடு இருந்து கதை கேளுங்கள் என்றேன். "எனக்கு என்ன புள்ள தெரியும்? நான் கைநாட்டுக்காரி" என்றா. நீங்கள் ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும் என்றேன். வீட்டில் யார் யார் இருக்கிறது, அம்மா எப்போது கோல் எடுப்பா, அப்போது நீ என்ன சொல்லுவாய், அவ என்ன சொல்லுவா? அவன் வாயால் சொன்னான். சொன்னதை அப்படியே எழுதச் சொன்னா. நாலு நாளில் அவன் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி, அது யார் என்று கேட்டிருக்கிறான். 1990இல் வீட்டை விட்டுப் போய்த் திரும்பி வராத அம்மப்பா. மகளுக்குக்கூட அவ அந்தக் கதையை முழுதாகச் சொன்னதில்லை. அன்றைக்கு அவனுக்குச் சொல்லியிருக்கிறா. அம்மப்பா சைக்கிளில் போனது, சாறம் என்ன நிறம், போகும்போது என்ன சொன்னார் என்று அவன் ஏழு வரி எழுதினான். அம்மம்மா அதை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டா. நாலு எழுத்துப் பிழை இருந்தது. அன்று நான் ஒன்றையும் தொடவில்லை.

சொல்ல விரும்பாத கதையைச் சொல்லத்தான் வேண்டும் என்றில்லை. எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பது உங்கள் விருப்பம். நொடி போடுங்கள், பழைய கதை சொல்லுங்கள், கடலில் இன்றைக்கு என்ன பட்டது என்று கேளுங்கள். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிலும் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளைப் படம் கீறவும், களிமண்ணில் செய்யவும், கதை சொல்லவும் விட்டார்கள். மனதில் இருப்பது வெளியே வர முதலில் இடம் வேண்டும். வைகாசியில் கண்ணகியம்மன் கோயில்களில் வழக்குரை படிக்கும்போது எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் கிழவிகள் எத்தனை பேர் அடுத்த அடியைத் தாங்களே சொல்லுவார்கள்! அந்தக் காதும் அந்த வாயும் வீட்டில் இருக்கும்போது பிள்ளைக்குச் சொல்லுக்குப் பஞ்சமில்லை.

இனி எழுத்துப் பிழைக்கு வருவோம். நாங்கள் கதைக்கிற தமிழ் வேறு, கொப்பியில் எழுதுகிற தமிழ் வேறு. "நான் போறன்" என்று பிள்ளை எழுதினால் அது காதால் கேட்டதைச் சரியாக எழுதியிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். முதலில் அப்படியே எழுதட்டும். மறுநாள், "இதைப் புத்தகத்தில் எப்படிப் போடுவார்கள்?" என்று கேளுங்கள். "போகிறேன்" என்று அதுவே சொல்லும். பழத்தைப் "பளம்" என்று எழுதுவதும் இவ்வாறுதான். எங்கள் வாயில் ழகரமும் ளகரமும் ஒன்றாகி எவ்வளவோ காலம். அதற்குப் பிள்ளையின் தலையில் குட்டுவது நியாயமில்லை.

எழுத்துக் கூட்டத் தெரிந்த தாய்மாருக்கு இரண்டொரு விடயம் சொல்கிறேன். தமிழ்ச் சொல் எதுவும் ண, ன, ள, ழ, ற என்ற எழுத்துகளில் தொடங்குவதில்லை. ஆகவே நாய், நண்டு, நெல் என்று சொல்லின் தொடக்கத்தில் வருவது எப்போதும் இந்த "ந"தான். நடுவில் குழப்பம் வந்தால் அடுத்த எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். த வந்தால் அதற்கு முன் ந்: பந்து. ட வந்தால் ண்: வண்டி. ற வந்தால் ன்: கன்று. இதை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதிப் பிழை போய்விடும். ஒரு நாளில் ஒரு வகைப் பிழையை மட்டும் எடுங்கள். முழுப் பக்கத்தையும் சிவப்பு மையால் கீறிக் கொடுத்த கொப்பிகளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை அந்தப் பிள்ளைகள் பிழை வராத அளவுக்குச் சின்னதாக இரண்டே வரி எழுதுகிறார்கள்.

எழுத்து கோணலாக இருக்கிறது என்று கவலைப்படுகிறவர்கள் பிள்ளையின் விரலைப் பாருங்கள். ரொட்டி மா பிசைய விடுங்கள், பூ மாலை கட்ட விடுங்கள், எங்கள் ஊரில் மணலுக்கா குறை, அதில் விரலால் பெரிது பெரிதாக எழுத விடுங்கள். கட்டையாய்ப் போன பென்சிலைப் பழைய பேனைக் குழாயில் செருகிக் கொடுத்தால் பிடிக்க வசதி. நிலத்தில் குப்புறப் படுத்து எழுதாமல் ஒரு பலகையைச் சாய்த்துக் கொடுங்கள். மேசைதான் வேண்டும் என்றில்லை. வெளிச்சம் இருக்கும்போதே எழுத வையுங்கள்.

எதை எழுதுவது என்று தேட வேண்டாம். கடைக்கு அனுப்பும் துண்டைப் பிள்ளை எழுதட்டும்: அரிசி, தேங்காய், செத்தல் மிளகாய், எவ்வளவு, என்ன விலை. மீன் விற்கிறவர்களின் பிள்ளைகள் அன்றைய இறால், நண்டுக் கணக்கை எழுதட்டும். நான் சொன்ன பையன் இப்போது வெள்ளிக்கிழமைகளில் தாய்க்குக் கடிதம் எழுதுகிறான். அதைப் படமெடுத்து அயல்வீட்டுப் போனில் அனுப்புகிறோம். தாய் முதலில் குரலில்தான் பதில் அனுப்பினா. நீங்களும் எழுதி அனுப்புங்கள் அம்மா என்று அவன் கேட்ட பிறகு அவவும் கடதாசியில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறா. அந்தக் கடிதத்தைத்தான் அவன் எழுத்துக் கூட்டிக் கூட்டி அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறான். பாடப் புத்தகத்தை இவ்வளவு ஆசையாக வாசித்து நான் பார்த்ததில்லை.

வகுப்பு ஆசிரியையிடமும் ஒரு முறை போய்க் கதையுங்கள். "குடும்பம்" என்று எழுதச் சொல்லும்போது என் பிள்ளை வீட்டில் இருப்பவர்களைப் பற்றி எழுதும், அதற்காகப் புள்ளி குறைக்காதீர்கள் என்று சொல்ல எமக்கு உரிமை உண்டு. பெரும்பாலான ஆசிரியைகள் விளங்கிக்கொள்வார்கள். அவர்களும் எங்களைப் போலத்தான் இடம்பெயர்ந்தவர்கள்.

எழுதி முடிந்த கொப்பிகளைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடாதீர்கள். திகதி போட்டுக் கட்டி வையுங்கள். அந்த அம்மம்மா அவற்றைப் பங்கீட்டு அட்டை வைக்கிற தகரப் பெட்டிக்குள்தான் வைத்திருக்கிறா. வாசிக்கத் தெரியாவிட்டாலும் தை மாதத்துப் பக்கத்தில் நாலு வரி, சித்திரையில் பதினொரு வரி என்று எனக்கு எண்ணிக் காட்டினா.