நடுவழியில் நியூட்ரல்

ஹப்புத்தளை சுமார் 1,430 மீற்றர் உயரத்திலும் பதுளை சுமார் 680 மீற்றர் உயரத்திலும் உள்ளன. இவ்விறக்கத்தில் மோட்டார் சைக்கிளோட்டும் இளைஞர் நியூட்ரலின் இயல்பை அறிந்திருத்தல் நன்று.

பெரும்பாலான வண்டிகளில் நியூட்ரல், முதலாம் இரண்டாம் கியர்களுக்கு நடுவே, அரை மிதியில் அமைந்துள்ளது. வண்டி நின்றுவிட்டால் கியர்ப்பெட்டியின் பற்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும். அப்பொழுது வன்மையாக மிதித்தால், கியர் நியூட்ரலைத் தாண்டி அப்பால் சென்றுவிடும்.

ஆதலின், நிற்பதற்குச் சற்று முன்னர், வண்டி மெல்ல உருளும்போதே கிளச்சை முழுவதும் பிடித்து, இரண்டாம் கியரிலிருந்து பாதநுனியால் இலேசாக அழுத்துக. பச்சை விளக்கு எரியும். நின்றபின்னரெனில், வண்டியைச் சிறிது முன்பின் அசைத்து முயல்க. அப்பொழுதும் இணங்காவிடில், கிளச் கம்பி தளர்ந்திருக்கலாம்; அதனைச் சரிசெய்வித்தல் வேண்டும்.

ஆனால், பெற்றோலை மிச்சப்படுத்த எண்ணி, தோட்டத்துப் பாதைகளின் இறக்கத்தில் நியூட்ரலில் உருண்டு செல்லுதல் பேராபத்து. இயந்திரத்தின் பிடிமானம் அற்றுப்போக, பாரம் முழுவதையும் பிரேக்கே தாங்க நேரும். அது சூடேறித் தளர்ந்தால் வளைவில் காப்பார் யார்? சரிவில் நிறுத்திவைக்கும்போதும் முதலாம் கியரிலேயே விடுக.

நியூட்ரல் நிற்பதற்கு உரியது, இறங்குவதற்கு அன்று.