லாரி வராத வழி

டீ வரட்டும். அதற்குள் நீங்கள் கேட்டதற்குப் பதிலைத் தொடங்கிவிடுகிறேன். பிரான்ஸ் நாட்டுக் கிராமப்புறத்தில் காலையிலிருந்து மாலை வரை சைக்கிள் மிதித்தாலும் வண்டிச் சத்தம் அதிகம் கேட்காதாமே, அது எப்படி என்றீர்கள். "அங்கே ஜனம் குறைச்சல், அதனால்தான்" என்று பலர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஜனம் குறைச்சல்தான். ஆனால் ஜனம் குறைந்த ஊருக்கு ஒரே ஒரு சாலைதான் என்றால் லாரி, பஸ், கார் எல்லாம் அதில்தான் வந்தாக வேண்டும். சைக்கிள்காரருக்கு அங்கே நிம்மதி கிடையாது. அமைதிக்குக் காரணம் வேறு. அதைப் புரிந்துகொண்டால் நம் குடுபல்லி மண்டலத்திலேயே அப்படிப்பட்ட வழிகளைக் கண்டுபிடித்துவிடலாம்.

பிரான்ஸில் சாலைகளின் மொத்த நீளம் 10 லட்சம் கிலோமீட்டருக்கும் மேல். அதில் பாதிக்கு மேல் சின்னச் சின்ன உள்ளூர்ச் சாலைகள். அவற்றைப் பராமரிப்பது கொம்யூன் என்ற ஊராட்சி. நாடு முழுக்க சுமார் 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. குதிரை வண்டிக் காலத்திலேயே ஒவ்வொரு ஊருக்கும் சுற்றியுள்ள ஊர்கள் ஒவ்வொன்றோடும் தனித்தனி வழி இருந்தது. பின்னாளில் அவற்றின் மேல் தார் விழுந்தது. 1960களிலிருந்து சுங்கம் கட்டி ஓட்டும் அதிவேக நெடுஞ்சாலைகள் வர, தூரம் போகும் வண்டிகள் அங்கே போய்விட்டன. கிராமத்தவர்களில் பெரும்பகுதியினரும் நகரம் போய்ச் சேர்ந்தார்கள். சாலைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, ஊராட்சியும் அவற்றைக் கைவிடவில்லை. மிஷெலின் நிறுவனத்தின் சாலை வரைபடத்தில் பெரிய சாலை சிவப்பு, அடுத்தது மஞ்சள், எல்லாவற்றிலும் சின்னது வெள்ளை. பழகிய பயணி வெள்ளைக் கோடுகளை மட்டும் தொட்டுத் தொட்டு ஒரு மாவட்டத்தையே கடந்துவிடுவார்.

இப்படிச் சுற்றுவதை ஒரு வாழ்க்கை முறையாகவே ஆக்கியவர் போல் த விவி. வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதியவர். சேந்த் எத்தியேன் நகரத்துக்காரர். 1853-ல் பிறந்து 1930-ல் மறைந்தவர். 1887-ல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். பந்தயத்தில் ஜெயிப்பதற்காக அல்லாமல், ஊர் பார்க்கவும் உடம்பு தேறவும் மிதியுங்கள் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மலையேறக் கஷ்டப்படுகிறவர்களுக்காக, அன்றைய பந்தயக்காரர்கள் இளப்பமாகப் பார்த்த கியர் மாற்றும் முறைக்குப் பரிந்து பேசினார். அவர் மறைந்த சில ஆண்டுகளில், 1936-ல், பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை சட்டமானது. கார் வாங்க வசதியில்லாத இளம் தம்பதிகள் இருவர் மிதிக்கும் சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அங்கே சைக்கிள் சுற்றுலா பணக்காரர் பொழுதுபோக்காகத் தேங்காமல் பரவியதற்கு அந்த விடுமுறை பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்து, வண்டியே வரக் கூடாத பாதைகள். பிரான்ஸில் கிளை ரயில் பாதைகள் ஏராளமாகப் போடப்பட்டு, கார் வந்த பிறகு ஒவ்வொன்றாக மூடப்பட்டன. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டால் மிஞ்சுவது சைக்கிளுக்கென்றே அளந்து செய்தது போன்ற பாதை. ரயில் செங்குத்தாக ஏறாது அல்லவா? நூறு மீட்டருக்கு இரண்டு மூன்று மீட்டர் ஏற்றம் என்பதே ரயிலுக்கு அதிகம். புர்கோன் பகுதியில் ஜிவ்ரியிலிருந்து குளூனி வரை 44 கிலோமீட்டர், 1997-ல் இப்படித் திறக்கப்பட்டது. அதுதான் அந்நாட்டின் முதல் 'பசுமை வழி'. பின்னர் அதைத் தெற்கே நீட்டினார்கள். நடுவில் புவா கிளேர் என்ற சுரங்கம், 1,600 மீட்டர் நீளம். குளிர்காலத்தில் வௌவால்கள் அதில் தங்கி உறங்குவதால் அந்த மாதங்களில் சைக்கிள்களைச் சுற்றி அனுப்புகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. 2004-ல் பசுமை வழி என்பது போக்குவரத்துச் சட்டத்திலேயே இடம்பிடித்தது: மோட்டார் இல்லாத வண்டி, நடப்பவர், குதிரையில் வருபவர், இவர்களுக்கு மட்டும். நுழைவாயிலில் ஒரு கம்பம் நட்டிருப்பார்கள். சைக்கிள் நுழையும், கார் நுழையாது.

அந்தக் கம்பத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் கடந்துபோக முடிகிற, கார் கடந்துபோக முடியாத இடம் எதுவோ அங்கே அமைதி உண்டு.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு மூன்றும் சந்திக்கும் மூலை இது. தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றிலும் வழி கேட்கலாம். கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் உள்ள பீடபூமி என்பதால் கார்த்திகை, மார்கழிக் காலைகள் நன்றாகக் குளிரும். பெரிய சாலைகளில் கிரானைட் கல் ஏற்றிய லாரியும் தக்காளி வண்டியும் ஓடுகின்றன, அவற்றை விட்டுவிடுங்கள். 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் நோக்கம், சாலை இல்லாத குக்கிராமங்களை ஏதாவது ஒரு நல்ல சாலையோடு இணைப்பது. வழக்கமான தார் அகலம் 3.75 மீட்டர். கவனித்தீர்களா, அண்டை ஊரோடு இணைப்பது அதன் வேலை அல்ல. பிரான்ஸின் சாலைகள் வலை என்றால் நம்முடையவை மரக்கிளை: அடிமரத்திலிருந்து பிரிந்து போய் நுனியில் நின்றுவிடும். கிராமத்தின் கடைசி வீட்டோடு தார் முடிந்துவிடும்.

கார்க்காரர் அங்கே திரும்பிவிடுவார். ஆனால் ஊர் அங்கே முடிவதில்லை. ஏரிக்கரை ஒன்று இருக்கும், அல்லது கேழ்வரகு வயலுக்கும் மல்பெரித் தோட்டத்துக்கும் நடுவே ஒரு மாட்டு வண்டிப் பாதை இருக்கும். அரை கிலோமீட்டரோ ஒரு கிலோமீட்டரோ போனால் அடுத்த ஊரின் தார் தொடங்கிவிடும். பிரெஞ்சுக்காரர் காசு செலவழித்து நட்ட கம்பத்தின் வேலையை இங்கே அந்த மண்பாதை செய்கிறது. கிளை நுனிகளை இப்படிக் கோத்துக்கொண்டே போனால் நாள் முழுக்கப் போகலாம். இரண்டு ஊர்களுக்கு நடுவில் பைக் மட்டும் வரும், அதையும் மறைக்கக் கூடாது. கரைமேல் எந்தக் கம்பமும் பைக்கைத் தடுக்காது. ஆனாலும் மண்பாதையில் அது மெதுவாகத்தான் வரும், ஓட்டி வருபவர் நிறுத்தி "எந்த ஊரு?" என்று விசாரித்துவிட்டுப் போவார்.

மிஷெலின் வரைபடம் நமக்குக் கிடையாது. செல்போன் வரைபடம் பெரும்பாலும் காரை நினைத்தே வழி காட்டும், பெரிய சாலைக்கே இழுத்துக்கொண்டு போகும். எனவே ஆளைக் கேட்பதே வழி, கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "அந்த ஊருக்கு எப்படிப் போவது?" என்றால் பஸ் போகும் சாலையைக் காட்டுவார்கள். "நடந்து போனால் எப்படிப் போவீர்கள்?" என்று கேளுங்கள். பெரியவர்கள் முகம் மலர்ந்து சொல்வார்கள். ஆர்.டி.சி.யின் பல்லெ வெலுகு பஸ் நாளைக்கு இரண்டு தடவை மட்டும் வந்துபோகும் சாலை என்று தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுத்துக்கொள்ளலாம்.

டயர் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும், 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல். மெல்லிய பந்தய டயர் மண்ணில் புதையும். கருவேல முள்ளுக்காக பஞ்சர் சாமான் கையில் வேண்டும். அறுவடை முடிந்த கையோடு கொள்ளையும் கேழ்வரகையும் தார் ரோட்டில் பரப்பியிருப்பார்கள், போகிற வண்டி மிதித்துக் கதிரை உதிர்க்கட்டும் என்று. அதன்மேல் கியர் சைக்கிளை ஓட்டிப் போகக் கூடாது. தாள் சங்கிலியில் சுற்றிக்கொண்டு கியரை முறித்துவிடும். இறங்கித் தூக்கிக்கொண்டு கடப்பதுதான் சரி, அது ஒரு குடும்பத்தின் சாப்பாடும் கூட. குப்பம் வட்டாரத்தின் காட்டு ஓரங்களில் யானை நடமாட்டம் உண்டு. கௌண்டின்யா சரணாலயம் ஏற்பட்டதே யானைகளால்தான். காட்டை ஒட்டிய வழியில் விடியற்காலையிலும் இருட்டும் நேரத்திலும் போக வேண்டாம்.

வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு ரயில் இருக்கிறது. ஜோலார்பேட்டை–பெங்களூரு பாதை 1864-லிருந்து ஓடுகிறது. மல்லானூர், குப்பம், குடுபல்லி, பிசாநத்தம் என்று அடுத்தடுத்து ஸ்டேஷன்கள். ஒன்றில் இறங்கி, நாள் முழுக்க மிதித்து, வேறொன்றில் ஏறிவிடலாம். வந்த வழியிலேயே திரும்ப வேண்டிய கட்டாயம் இல்லாதது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று மிதித்தவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு ஆசை. ஹந்திரி–நீவா திட்டத்தில் ஸ்ரீசைலத்திலிருந்து கிருஷ்ணா தண்ணீர் குப்பம் கிளைக் கால்வாய் வழியாக 2025 ஆகஸ்டில் பரமசமுத்திரம் ஏரிக்கு வந்தது. கால்வாய் கரையில் பராமரிப்பு வண்டிக்கென ஒரு தடம் விடுவது வழக்கம். பிரான்ஸில் படகு இழுக்கும் குதிரைகளுக்காக விட்ட அதே மாதிரித் தடங்கள்தான் இன்று சைக்கிள் வழிகள்: 1681-ல் முடிந்த கனால் து மிதி 240 கிலோமீட்டர், நாந்த்–பிரெஸ்த் கால்வாய் 360 கிலோமீட்டருக்கு மேல். நம் கரையையும் மோட்டார் இல்லாதவர்களுக்கு ஒதுக்கினால் முதல் பலன் சுற்றுலாக்காரருக்கு அல்ல, லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கிப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு. நிழல் இல்லாவிட்டால் நம் வெயிலில் எந்தப் பாதையும் பயன்படாது, ஆகவே மரம் வைக்க வேண்டும். கனால் து மிதியில் 42,000 பிளேன் மரங்கள் ஒரே வகையாக நின்றன. 2006-ல் ஒரு பூஞ்சை நோய் தெரியவந்து, கால்வாய்த் தண்ணீர் வழியாகவே பரவி, ஆயிரக்கணக்கில் வெட்டும்படி ஆகிவிட்டது. இங்கே புங்கன், வேம்பு, நாவல், புளி என்று கலந்தே வைக்கலாம். எல்லாம் இந்த மண்ணில் தானாக வரும் மரங்கள்.