கரண்ட் போனா நம்ம கணக்கு எங்கே போகும்?



முன்பெல்லாம் நம்ம சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் நோட்டில் இருந்தது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருத்தர் புரட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார். இப்போது கூட்டமைப்பு அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் ஏறுகிறது. "அது கணக்காளருக்குத்தான் தெரியும், நமக்கெதுக்கு?" என்று தள்ளி நிற்கிறோம். தள்ளி நின்றால் என்ன ஆகும்?

ஒருமுறை எங்கள் அலுவலகத்தில் காலையிலிருந்து உட்கார்ந்து பதினோரு குழுக்களின் மாதக் கணக்கை ஏற்றினோம். மத்தியானம் கரண்ட் போச்சு. திரும்ப வந்ததும் பார்த்தால், ஒரு குழுவின் கணக்குகூட இல்லை! "மெஷின் முழுங்கிருச்சு" என்றார்கள். மெஷின் முழுங்கவில்லை, நாங்கள்தான் சேவ் பண்ணவில்லை. நோட்டு கையில் இருந்ததால் பிழைத்தோம்.

பெட்டிக்குள்ளே என்ன இருக்கு?

டி.வி. மாதிரி இருப்பது மானிட்டர். அது காட்டுவதோடு சரி, கணக்கு அதில் இல்லை. மானிட்டர் கெட்டால் கணக்கு போகாது.

பக்கத்தில் நிற்கிற பெட்டியை எல்லாரும் சி.பி.யூ. என்கிறோம். உண்மையில் சி.பி.யூ. என்பது பெட்டிக்குள்ளே இருக்கும் ஒரு சின்னச் சில்லு. பிராசஸர் என்றும் சொல்வார்கள். கூட்டல், கழித்தல், வட்டி எல்லாம் போடுவது அதுதான். வேலை செய்யும்போது சூடாகும். அதனால்தான் உள்ளே ஃபேன் சுற்றுகிறது. ஓடுகிற கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடாதீர்கள்.

சிலேட்டும் நோட்டும்

உள்ளே இன்னும் இரண்டு பொருள் முக்கியம். ஒன்று ராம். அது சிலேட்டு மாதிரி. நாம் தட்டுவதெல்லாம் முதலில் அதில்தான் நிற்கும். கரண்ட் நின்றதும் சிலேட்டு அழிந்துவிடும்.

இன்னொன்று ஹார்டு டிஸ்க். அது நம்ம பதிவேடு மாதிரி. கரண்ட் இல்லாவிட்டாலும் எழுதியது அப்படியே இருக்கும். புதுக் கம்ப்யூட்டர்களில் இதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. வருகிறது. வேலை அதேதான், வேகம் கூடுதல்.

சிலேட்டில் இருப்பதைப் பதிவேட்டில் ஏற்றுவதற்குப் பேர்தான் 'சேவ்' பண்ணுவது. பெரும்பாலான வேலைகளுக்கு கண்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு எஸ் எழுத்தைத் தட்டினால் போதும். ஒரு குழுவின் கணக்கு முடிந்ததும் ஒரு தட்டு, இதைப் பழக்கமாக்குங்கள்.

யூ.பி.எஸ். என்பது பேட்டரிப் பெட்டி. கரண்ட் போனதும் சில நிமிடம் தாங்கும். அது தொடர்ந்து வேலை பார்ப்பதற்கு இல்லை, சேவ் பண்ணி ஒழுங்காக அணைப்பதற்கு. பேட்டரி சில வருடத்தில் வலு குறைந்துவிடும், மாற்ற வேண்டும்.

கடைக்காரர் சொல்லும் கணக்கு

"8 ஜி.பி., 512 ஜி.பி." என்று கடைக்காரர் மளமளவென்று சொல்வார். படி, மரக்கால் போல ஜி.பி. என்பதும் ஓர் அளவுதான். பொதுவாக, சின்ன எண் ராம், பெரிய எண் டிஸ்க். சிலேட்டு பெரிதாக இருந்தால் பல வேலைகளை ஒரே நேரத்தில் திணறாமல் செய்யும். டிஸ்க் பெரிதாக இருந்தால் நிறையச் சேர்த்து வைக்கலாம்.

பழைய கம்ப்யூட்டர் மலிவாகக் கிடைத்தால், "விண்டோஸ் 11 ஏறுமா?" என்று கட்டாயம் கேளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு ராம் குறைந்தது 4 ஜி.பி.யும் டிஸ்க் 64 ஜி.பி.யும் வேண்டும். இவை இருந்தாலும், பிராசஸர் பழையதாக இருந்தால் ஏறாது. கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

ஒரே பெட்டியை நம்பாதீங்க

ஹார்டு டிஸ்க்கும் ஒருநாள் கெட்டுப்போகும். சொல்லிவிட்டுக் கெடாது. வாரம் ஒருமுறை கணக்கை வேறொரு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுத்து, வேறு இடத்தில் பூட்டி வையுங்கள். அலுவலகத்துக்குள் மழைத்தண்ணி வந்தாலும் நகல் தப்பிக்கும்.

பாஸ்வேர்டு என்பது நம்ம கையெழுத்து மாதிரி. அதை அடுத்தவருக்குச் சொல்வது வெற்று செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம். சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டவும் வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: நம்ம கணக்கின் நகல் எங்கே இருக்கு? கடைசியாக எந்தத் தேதியில் எடுத்தீங்க? இந்த மாதக் கணக்கை அச்செடுத்துக் காட்ட முடியுமா?

கேட்பது சந்தேகப்படுவதற்காக இல்லை. கம்ப்யூட்டர் அலுவலகத்தில் இருக்கலாம், உள்ளே இருப்பது நாம் சிறுகச் சிறுகச் சேர்த்த காசின் கணக்கு. கேட்க நமக்கு உரிமை இருக்கு, தோழிகளே!