வீட்டுக்குள் பவளப்பாறைத் தொட்டி: காசு கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

திருவாலங்காட்டுக்கும் கடலுக்கும் இடையே ஐம்பது, அறுபது கிலோமீட்டர் தூரம். சுற்றிலும் நெல், கரும்பு, வேர்க்கடலை. அப்படியிருந்தும் அந்த வட்டாரத்து வாசகர்களிடமிருந்து கடல் மீன் தொட்டி பற்றிக் கேள்விகள் வருகின்றன. 'பவளப்பாறையோடு சின்னத் தொட்டி வைக்க என்ன செலவு ஆகும், துண்டு துண்டாக வளர்த்து விற்றால் வருமானம் வருமா?' என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. வெளிநாட்டுக்காரர்கள் வீட்டில் பவளம் வளர்க்கும் வீடியோக்களைப் பிள்ளைகள் செல்போனில் பார்க்கிறார்கள். ஆசை வருவது இயல்புதான். ஆனால் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை எந்த வீடியோவும் சொல்வதில்லை.

இந்தியாவில் கல் பவளங்கள் அனைத்தும் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2001-ல் அவை சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. கருப்புப் பவளம், கடல் விசிறி போன்றவற்றுக்கும் தடை உண்டு. உயிருள்ளது மட்டுமில்லை, காய்ந்த வெள்ளைத் துண்டை அலங்காரத்துக்கு வைத்திருப்பதும் குற்றம்தான். குற்றம் நிரூபணமானால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. 2022-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அபராதமே குறைந்தது 25,000 ரூபாய். 'உயிர்ப்பாறை' என்ற பெயரில் விற்கப்படும் பாறைத் துண்டும் பல சமயம் பவளத்திட்டிலிருந்து பெயர்த்து எடுத்ததாகவே இருக்கும். கடைக்காரர் 'ஒன்றும் ஆகாது சார், எல்லாரும் வாங்குகிறார்கள்' என்பார். வழக்கு வந்தால் தொட்டி யார் வீட்டில் இருக்கிறதோ அவரும்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வெளிநாட்டில் எப்படி வைக்கிறார்கள் என்ற கேள்வி எழும். இந்தோனேசியா போன்ற நாடுகளில் கடலிலேயே பவளத்தைப் பதியம் போட்டு வளர்த்து, சர்வதேச அனுமதிச் சீட்டோடு ஏற்றுமதி செய்கிறார்கள். நம் ஊரில் தனி ஆள் அப்படி வளர்க்கவும் விற்கவும் வழி கிடையாது. ஆகவே 'பவளம் வளர்த்து வருமானம்' என்று யாராவது முன்பணம் கேட்டால் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்வது நல்லது.

வேர்முடிச்சு மாதிரிதான் பவளமும்

சட்டம் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பது விவசாயிக்குச் சுலபமாகப் புரியும். வேர்க்கடலைச் செடியைப் பிடுங்கினால் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும். உள்ளே ரைசோபியம் பாக்டீரியா. செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது, அது செடிக்குத் தழைச்சத்து கொடுக்கிறது. பவளம் கல் இல்லை, செடியும் இல்லை. சின்னஞ்சிறு விலங்குகளின் கூட்டம். அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. அந்தப் பாசி வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளம் சுண்ணாம்பு ஓடு கட்டி வளர்கிறது. தண்ணீரின் சூடு வழக்கமான கோடை அளவைவிட ஒன்றிரண்டு டிகிரி கூடி, சில வாரங்கள் அப்படியே நின்றாலே போதும். பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப் போகும். சூடு தணியாவிட்டால் செத்தும் போகும்.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் உள்ள மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் இப்படித்தான் பவளம் பெருமளவில் வெளுத்தது. அங்குள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அதற்கு முன்பும் பின்பும் சுண்ணாம்புக்காகவும் கட்டட வேலைக்காகவும் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அரண் போனதால் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கின. மீன்குஞ்சுகள் ஒதுங்கி வளரும் இடமும் அதுதான் என்பதால், நஷ்டம் மீனவர் வீட்டு உலை வரைக்கும் போகிறது.

திருவாலங்காட்டு மே மாத வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டுத் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி வேண்டும். சட்டமே அனுமதித்தாலும், குளிரூட்டும் கருவிக்கும் கரன்ட் பில்லுக்கும் ஆகும் செலவை யோசித்துப் பார்க்கலாம்.

பவளம் இல்லாமல் கடல் தொட்டி

பிள்ளைகளின் ஆசையை அப்படியே தள்ளிவிடவும் வேண்டாம். செயற்கைப் பாறை, குஞ்சுப் பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி என்று சட்டத்துக்கு உட்பட்டு அழகான தொட்டி வைக்க முடியும். கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் செய்து காட்டியிருக்கின்றன. வாங்கும்போது பொரிப்பகத்து மீன்தானா என்று கேட்டு, ரசீதும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கடல் சாமந்தி இல்லாமலே இந்த மீன் நன்றாக வாழும்.

தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் சுமார் 80 லிட்டர் பிடிக்கும். அதைவிடச் சின்னது வேண்டாம். தண்ணீர் குறையக் குறைய உப்பும் சூடும் சட்டென்று மாறும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. 80 லிட்டருக்கு 2.8 கிலோ. சமையல் உப்பு உதவாது; அதில் கால்சியமும் மெக்னீசியமும் போதாது. மீன் கடைகளில் கிடைக்கும் கடல் உப்புக் கலவைதான் வாங்க வேண்டும். கரைக்க ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. போர் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பது ஊருக்கு ஊர், கிணற்றுக்குக் கிணறு மாறும். சென்னைக் கடற்கரையில் கேன் பிடித்து வரும் யோசனையும் வேண்டாம். முகத்துவாரத்துச் சாக்கடையும் சேர்ந்தே வந்துவிடும்.

அடியில் போட பவள மணல் விற்பார்கள். அதைத் தவிர்த்து, கோழித் தீவனத்துக்கு வரும் கிளிஞ்சலைப் பலமுறை அலசிப் போட்டால் போதும். சிமென்ட்டில் செய்த பாறையானால், புதுச் சிமென்ட் தொட்டியைப் பழக்குவது போலவே சில வாரங்கள் தண்ணீரில் ஊறப்போட்டு, அடிக்கடி தண்ணீர் மாற்றிக் காரம் போக்க வேண்டும்.

நிறையப் பேர் தோற்பது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். தொட்டி வைத்த மறுநாளே மீன் விடுகிறார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே விஷம். வயலில் போட்ட யூரியா அம்மோனியாவாகி, நைட்ரைட்டாகி, நைட்ரேட் ஆவதற்கு மண்ணில் பாக்டீரியா வேலை செய்கிறது அல்லவா? தொட்டியிலும் அதே வேலை நடக்க வேண்டும். அந்தப் பாக்டீரியா பாறையிலும் கிளிஞ்சலிலும் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மோட்டாரை ஓடவிட்டு, மீன் தீவனம் ஒரு சிட்டிகை போட்டு அழுகவிட்டுக் காத்திருக்க வேண்டும். பரிசோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன்.

அதன்பின் வேலை அதிகமில்லை. ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாகாது, உப்புத் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். கோடையில் தண்ணீர் மேல் சின்ன மின்விசிறி ஓடினால் இரண்டு, மூன்று டிகிரி குறையும். கரன்ட் போனால் காற்று கொடுக்க பேட்டரி ஏர் பம்ப் அவசியம்.

பூச்சிமருந்து அடித்த கையைத் தொட்டியில் விடவே கூடாது என்பதை விவசாயி வீட்டில் தனியாகச் சொல்லியாக வேண்டும். பைரித்ராய்டு வகை மருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே மீனைக் கொல்லும். கொசு மருந்திலும் இதே வகைதான் இருக்கிறது. ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீரில் விடுகிறது. தெளிப்பானும் மருந்து டப்பாவும் இருக்கும் அறையில் தொட்டி வைக்க வேண்டாம்.

உப்பை எங்கே கொட்டுவது?

வாரம் பத்தில் ஒரு பங்கு, அதாவது 8 லிட்டர் தண்ணீர் மாற்ற வேண்டும். அதில் 280 கிராம் உப்பு. வருஷத்துக்கு 14 கிலோவுக்கு மேல். இதைக் கொல்லையில் மல்லிகைக்கோ வாழைக்கோ ஊற்றினால் செடி கருகும், மண்ணும் கெடும். கிணற்றுப் பக்கம் ஊற்றவே கூடாது. அகலமான பிளாஸ்டிக் பேசினில் ஊற்றி மாடியில் வைத்தால் கோடையில் ஒரு வாரத்துக்குள் வற்றிவிடும்; மிஞ்சும் உப்பைக் கூட்டிக் குப்பையில் சேர்க்கலாம். ஒரு தொட்டிக்கு இது சரி. பத்துத் தொட்டி வைத்துக் கடல் மீன் வியாபாரம் செய்ய நினைத்தால், வருஷத்துக்கு 140 கிலோ உப்பு சொந்த நிலத்தில் இறங்கும்.

வருமானம்தான் நோக்கம் என்றால் நன்னீர் வண்ண மீன் பக்கம் போகலாம். கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் குட்டி போடுபவை. மோலி கொஞ்சம் உப்பும் கடினத்தன்மையும் உள்ள போர் தண்ணீரையும் தாங்கும். மாற்றும் தண்ணீரைத் தோட்டத்துக்கே பாய்ச்சலாம், உரச்சத்துள்ள தண்ணீர். சந்தையும் பக்கம்தான். நாட்டின் பெரிய வண்ண மீன் சந்தைகளில் ஒன்று கொளத்தூர். திருவாலங்காட்டில் ரயில் ஏறினால் அதே தடத்தில் வில்லிவாக்கத்தில் இறங்கிப் போய்விடலாம். முதலில் அங்கே போய், எந்த மீனுக்கு மொத்த விலை என்ன, யார் திரும்ப வாங்குவார்கள் என்று இரண்டு மூன்று கடைகளில் விசாரித்துவிட்டுத் தொட்டி கட்டுவது நல்லது.

2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற வண்ண மீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பீடு வைத்திருக்கிறார்கள். அதில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம். நிலம் யார் பெயரில் இருந்தாலும், விண்ணப்பத்தை வீட்டுப் பெண்கள் பெயரில் போட முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். இந்த ஆண்டு நிதி இருக்கிறதா என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். பயிற்சி பற்றி நம் மாவட்டத்திலேயே பொன்னேரியில் உள்ள மீன்வளக் கல்லூரியில் கேட்கலாம். போகும்போது போர் தண்ணீர் ஒரு லிட்டர் சுத்தமான பாட்டிலில் கொண்டு போனால், எந்த மீன் ஒத்துவரும் என்று கேட்க வசதியாக இருக்கும்.