பழைய வான், முதல் பயணம்

நாப்போலியில் பழைய ஃபோக்ஸ்வாகன் கேம்பர் வான் வாங்கி, பலெர்மோவின் பிரான்காச்சோவுக்குக் கொண்டுவரப் போறீங்களா? பிள்ளைகள் அதிலேயே வரத் துடிப்பார்கள். முதல் பயணத்துக்கு மட்டும் வேண்டாம்.

1967 முதல் 1979 வரை ஜெர்மனியில் செய்த டி2 வானுக்கு எஞ்சின் பின்பக்கம். பழைய ரப்பர் குழாயில் பெற்றோல் கசிந்தால், சூடான எஞ்சினில் தீப்பிடிக்கும். வாங்கின இடத்திலேயே மாற்றுங்கோ. டயரில் உள்ள நாலு இலக்கத்தையும் பாருங்கோ: 2318 எண்டால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது.

காப்புறுதி இல்லாமல் வீதியில் இறக்கினால் அபராதம், வண்டியும் பறிபோகும். பெயர் மாற்ற 60 நாள் இருக்கு.

கலாப்ரியா வழியாக ஓட்டுவதைவிட இரவுக் கப்பல் நல்லம்; சுமார் 10 மணி நேரம். கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு ஏற்றுங்கோ.

பின்சீட்டுக்கு பெல்ட் பூட்டின பிறகு பிள்ளைகள் ஏறட்டும்.