சவலைப் பிள்ளையும் சிகிச்சை உணவும்

தாய் மீண்டும் கருவுற்றதும் பால் குறைந்து மெலியும் குழந்தையைச் 'சவலைப் பிள்ளை' என்பது நம் வழக்கு. மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானா நாட்டில், கா மொழி பேசும் மக்களும் அடுத்த குழந்தையின் வரவால் நலிவுறும் பிள்ளையின் நோயை ஒரு சொல்லால் குறித்தனர். அங்குப் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், 'குவாஷியார்க்கர்' என்னும் அச்சொல்லையே 1935-ஆம் ஆண்டில் மருத்துவ உலகுக்கு அறிமுகம் செய்தார்.

இத்தகைய குழந்தையைக் கண்டதும் வயிறு நிறைய ஊட்டவே நம் உள்ளம் துடிக்கும். ஆயின் அதுவே ஆபத்தாய் முடியலாம். நெடுநாள் பட்டினியால் இதயமும் குடலும் சிறுநீரகமும் தளர்ந்துள்ளன. திடீரென மிகுதியான உணவு புகுந்தால் இரத்தத்திலுள்ள உப்புகளின் சமநிலை குலைந்து உயிருக்கே கேடு நேரும். ஆகவே மருத்துவமனையில் முதல் சில நாட்களுக்கு, 100 மில்லிலிட்டரில் 75 கலோரி கொண்ட பாலுணவை இரண்டு மணிக்கு ஒரு முறை, இரவிலும் விடாது, சிறுகச் சிறுகப் புகட்டுகின்றனர். தாய்ப்பாலை நிறுத்துவதில்லை, இரும்புச் சத்து மருந்தை அப்போது தருவதில்லை. பசி திரும்பி, வீக்கம் வடியத் தொடங்கிய பின்னரே 100 கலோரி கொண்ட உணவுக்குப் படிப்படியாக மாற்றுகின்றனர்.

உடல் தேறினால் மட்டும் போதுமா? ஜமெய்க்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் டாக்டர் சாலி கிரந்தம்-மக்கிரிகோர் குழுவினர் இதனை ஆராய்ந்தனர். ஒரு சாரார்க்கு மருத்துவமனையில் உணவோடு விளையாட்டும் பேச்சும் அளித்தனர்; வீடு திரும்பிய பின்னரும் மூன்றாண்டுகள் தேடிச் சென்று, தாய்க்கும் அம்முறையைக் கற்பித்தனர். அக்குழந்தைகள் அறிவு வளர்ச்சியில் நன்கு முன்னேறினர். உணவும் மருந்தும் மட்டுமே பெற்றோர் பின்தங்கி நின்றனர். பல்லாண்டுகள் கழிந்தும் அவ்வேறுபாடு மறையவில்லை.

நம் நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்கள் உள்ளன. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கை நடுச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலும், இரு பாதங்களிலும் வீக்கம் கண்டாலும் காலந்தாழ்த்தலாகாது. அருகிலுள்ள அங்கன்வாடியையோ அரசு மருத்துவமனையையோ நாட வேண்டும்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்குப் பாட்டியும் அத்தையும் அருகில் இல்லாமற்போகலாம். மருத்துவமனையில் வழங்கும் மொழியும் குழந்தைக்குப் புதிதாயிருக்கலாம். அந்நிலையில் அதன் காதுக்குப் பழகிய குரல் தாயினுடையதே. ஒரு கிலுகிலுப்பையும் துணிப்பொம்மையும் தாய்மொழியில் ஒரு தாலாட்டும் போதும். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. உணவு உயிரை மீட்கிறது. விளையாட்டும் பேச்சும் அவ்வுயிருக்கு அறிவின் வாயிலைத் திறக்கின்றன. இரண்டையும் ஒருசேர அளிப்பதே நம் கடமையாகும்.